பிரேக் கட்டை

கிறிஸ்டினாவின் சைக்கிளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் பிரெசில்லா அந்த வகுப்பில் சேர்ந்தாள்.

பாம்பனில் மகளிர் சங்கம் நடத்திய வகுப்பு அது. சனி, ஞாயிறு மத்தியானங்களில், மாதா கோயிலை ஒட்டிய ஹாலில், பெண்களுக்குச் சைக்கிள் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் பெரியபட்டினத்து சுலைகா. பிரெசில்லாவைவிட வயதில் இளையவள். ஊரில் புருஷனோடு சேர்ந்து சைக்கிள் கடை வைத்திருந்தாள். "ஆளுக்கொரு சைக்கிள் கொண்டாங்க. ஓடாத சைக்கிளா இருந்தா ரொம்ப நல்லது" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்.

பிரெசில்லாவின் வீட்டுக்குப் பின்னால், கடலில் எடுத்து வரும் பாசியைக் காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஓடாத சைக்கிள் ஒன்று கிடந்தது. முன் சக்கரம் நெளிந்து, ஹேண்டில் பார் ஒரு பக்கமாகத் திரும்பி, உப்புக்காற்றில் துருவேறிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் அவள் ஓர் உதை விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதக் கடைசியில் நடந்தது. ப்ளஸ் டூ படிக்கும் அவள் மகள் கிறிஸ்டினா, மண்டபத்தில் டியூஷன் முடித்துவிட்டுப் பாலத்தின் மேல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பாம்பன் பக்கத்துச் சரிவில், கீழே தெரியும் புதுத் தூக்குப்பாலத்தில் ரயில் வருவதைப் பார்ப்பதற்காக ஒரு சுற்றுலா வேனை நடுரோட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். கிறிஸ்டினா வந்த வேகத்தில் வேனின் பின்பக்கத்தில் போய் மோதினாள். காறை எலும்பு முறிந்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போயின. உதட்டில் தையல் போட்டார்கள்.

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவருவதற்குள் ஊரில் ஒரு கதை சுற்றி முடிந்திருந்தது. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள் என்று. வேன் டிரைவர் போலீசிடம் அப்படித்தான் சொன்னானாம். ஊர் அதோடு தன் பங்கையும் சேர்த்தது. போனில் பேசியது ஒரு பையனோடு என்றார்கள். அந்தப் பையனுக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள். விசைப்படகில் கடலுக்குப் போயிருந்த அவள் அப்பன் டென்னிஸ், கரையில் கால் வைத்ததும் இதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் மகளின் போனை எடுத்துச் சுவரில் அடித்தான். டியூஷன் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு ஷேர் ஆட்டோ. கிறிஸ்டினா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு போனாள், மூடிக்கொண்டே வந்தாள். வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

பிரெசில்லா மகளைத் திட்டினாள். வேன்காரனைத் திட்டினாள். பாலத்தில் நின்று ரயில் பார்க்கிற சனத்தையெல்லாம் திட்டினாள். பாசி எடுக்கத் தீவுக்குப் போகும் வள்ளத்தில் கூட வருகிறவர்கள் "பொம்பளைப் புள்ள பத்திரம்" என்று வாயெடுத்தாலே சண்டைக்குப் போனாள். திட்டுவதற்கு வேறு யாரும் மிச்சமில்லாதபோது சைக்கிள்தான் கிடந்தது.

முதல் நாள் வகுப்பில், மற்றப் பெண்கள் சங்கோஜத்தோடு ஸ்பேனரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சுத்தியலை எடுத்து முன் மட்காடில் ஓங்கி ஓர் அடி போட்டாள். ஹாலே அதிர்ந்தது.

சுலைகா ஓடி வந்தாள். "அக்கா, அக்கா! அது என்னக்கா பண்ணுச்சு ஒங்கள?"

"எம்புள்ள பல்லக் கழட்டுச்சு."

பாம்பனில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. வெளியூர்க்காரியான சுலைகாவின் காதில் சங்கத் தலைவி செபஸ்தியம்மாள் அதைச் சொன்னாள். சுலைகா குனிந்து, நெளிந்த மட்காடைத் தடவிப் பார்த்தாள்.

"கழட்டுங்கக்கா. முழுசாக் கழட்டுங்க. ஆனா அடிச்சுக் கழட்டாதீக. அடிச்சுக் கழட்டுனா திருப்பி மாட்ட முடியாது."

"மாட்டுறதுக்கு யாரு கழட்டுறா?"

"அப்பச் சரி. கழட்டுறதையாவது ஒழுங்காக் கழட்டுவோம்" என்று சுலைகா ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொடுத்தாள்.

துருப்பிடித்த நட்டில் மண்ணெண்ணெயை விட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்பது பிரெசில்லாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பொறுத்திருப்பது அவளுக்கு வராத காரியம். இடது பெடலைக் கழற்றும்போது முழு பலத்தையும் கொடுத்துத் திருகினாள். அது இன்னும் இறுகியது. "இடது பெடலுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தணும்க்கா" என்று சுலைகா காட்டிக்கொடுத்தபோது, "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவள் மேலும் எரிந்து விழுந்தாள். சுலைகா கோபித்துக்கொள்ளவில்லை. கடையில் அவள் பார்க்காத ஆட்களா?

ஆனால் கைக்கு வேலை பிடித்திருந்தது. பாறையில் பாசியைப் பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை அது. இறுகிய நட்டு ஒன்று 'கிரிச்' என்று இளகும்போது, யாரையோ கழுத்தைப் பிடித்துத் திருப்பியது மாதிரி இருந்தது. செயினைக் கழற்றினாள். சீட்டைக் கழற்றினாள். நெளிந்த முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள். அடுத்த வாரம் அதே சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுக்கக் கற்றாள். எதற்கு எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் சுற்றியது.

மூன்றாம் வாரம் பிரேக். அதுவரை அந்தச் சைக்கிளின் பிரேக்கை யாரும் தொட்டிருக்கவில்லை.

சுலைகா வேறொரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி எல்லோரையும் சுற்றி உட்காரவைத்தாள். ரப்பர் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதைப் பிடித்திருக்கும் தகரக் கூட்டையும் காட்டினாள்.

"இந்தக் கூட்டப் பாருங்க. ஒரு பக்கம் அடைச்சிருக்கு, ஒரு பக்கம் தொறந்திருக்கு. தொறந்த பக்கமாத்தான் கட்டையச் சொருகுறது. இப்பச் சொல்லுங்க, எந்தப் பக்கம் முன்னாடி வரணும்?"

கேட்டுவிட்டு அவளே சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள்.

"வண்டி போகையில சக்கரம் இங்கன முன்னாடி ஓடுது. பிரேக்கப் புடிச்சா கட்டையையும் சேத்து முன்னாடிதான் இழுக்கும். அப்ப அடைச்ச பக்கம் முன்னாடி இருந்தாத்தான் கட்டை நிக்கும். தொறந்த பக்கம் முன்னாடி இருந்தா வழுக்கி வெளிய வந்துரும். மெதுவாப் போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சரிவுல, வேகத்துல, அழுத்திப் புடிப்பீக பாருங்க, அன்னைக்குத் தெரியும்."

பிரெசில்லா அவள் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிட்டாள். தன் சைக்கிளிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். முன் பிரேக்கில் கூட்டைத் தாங்கும் இரண்டு கவைகளும் அப்படியே இருந்தன. வலது கூட்டில் கட்டையே இல்லை. இடது கூட்டில் கட்டை பாதி வெளியே வந்து தொங்கியது. புதுக் கட்டை, தேய்மானமே இல்லை. இரண்டு கூடுகளும் முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"டீச்சர், இங்கன வாங்க."

சுலைகா வந்து பார்த்தாள். விரலால் கட்டையைத் தொட்டாள்; அது கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"யா அல்லா" என்றாள். "இத யாருக்கா மாட்டுனது?"

பிரெசில்லாவுக்குத் தெரியாது. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

வீட்டுக்குப் போனபோது கிறிஸ்டினா ஜன்னலோரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ள, பிரேக் கட்டைய எங்க மாத்துன?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஆன்டனி ராஜ் மாமா கடையில. விழுந்ததுக்கு முந்தின நாளு. பழசு தேஞ்சுருச்சுன்னு நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அன்னைக்குப் பாலத்துல பிரேக்கப் புடிச்சியா?"

கிறிஸ்டினா புத்தகத்தை மூடினாள். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். மேல் உதட்டில் தையல் தழும்பு சிவந்திருந்தது.

"இப்பக் கேக்குறியா?" என்றாள். "ஆஸ்பத்திரிலயே சொன்னேன்லம்மா. வாயெல்லாம் ரத்தம், பேச முடியல, அப்பயும் சொன்னேன், பிரேக்கு நிக்கலம்மான்னு. புடிச்சதும் என்னமோ தெறிச்சுப் போச்சு, பின் பிரேக்க மட்டும் புடிச்சுச் சரிவுல வண்டி நிக்கலன்னு. நீ என்ன கேட்ட? போனு எங்கடின்னு கேட்ட."

"ஊரே சொல்லுச்சுடி..."

"ஊரு சொல்லும். நீ என்ன கேட்டன்னு சொல்றேன். போனு பைக்குள்ள இருந்துச்சு. சுவிட்ச் ஆப் பண்ணி இருந்துச்சு. டியூஷன்ல ஆப் பண்ணச் சொல்வாக. பையத் தொறந்து பாக்கக்கூட ஒங்க ரெண்டு பேருக்கும் தோணல. அப்பா வந்து எடுத்து அடிச்சாரு. ஒடஞ்ச போன்ல எதப் பாக்குறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பிரெசில்லாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கட்டிப்பிடித்துக் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம். மகள் கல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரெசில்லா திரும்பி வெளியே வந்தாள். சுலைகா கொடுத்திருந்த கட்டை இடுப்பு மடியில் இருந்தது. அதைக் கையில் இறுக்கிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஆன்டனி ராஜுக்கு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் கடை. ஊரில் மதிப்பானவர். திருவிழாக் கமிட்டியில் இருப்பவர். சப்பரம் வரும்போது முன்னால் நடப்பவர். கடையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிரெசில்லா கட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, எம்புள்ள சைக்கிளுக்கு இத நீங்கதான மாட்டுனீக?"

"எந்தக் கட்டைன்னு நான் கண்டேன்? தெனம் எத்தன மாட்டுறேன்."

"கூட்டத் திருப்பி மாட்டிட்டீகண்ணே. தொறந்த பக்கம் முன்னாடி இருக்கு. புடிச்சதும் கட்டை தெறிச்சுருச்சு. அதான் எம்புள்ள விழுந்துச்சு."

உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆன்டனி ராஜ் சிரித்தார்.

"சங்கத்துல நாலு நா ஸ்பேனரப் புடிச்சதும் மெக்கானிக் ஆயிட்டியாக்கும். ஏத்தா, வேன்ல மோதுன மோதுல கூடு திரும்பியிருக்கும். இது தெரியாதா?"

"நெசமாச் சொல்லுங்க. திரும்புமா?"

"அந்த வேகத்துல மோதுனா ஆளே திரும்பிப்போகும். ஒம்மகளப் போன எடுத்து வைக்கச் சொல்லிருந்தா இந்தப் பேச்சே இல்ல. வீட்டுல கண்டிக்காம எங்கிட்ட வந்து நிக்குற."

கடையில் ஒருவன் 'க்ளுக்' என்றான். பிரெசில்லா கையிலிருந்த கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். மோதினால் கூடு திரும்புமா, திரும்பாதா? அது தெரியாமல் அங்கே நின்றதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே சுலைகாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். சுலைகா முழுவதையும் கேட்டாள்.

"சக்கரம் நடுவுல இருக்கையில ரெண்டு கூடும் ஒரே மாதிரி எப்படிக்கா முழுசாத் திரும்பும்? திரும்பாது. ஆனா அவரு திரும்பும்னுதான் சொல்லிக்கிட்டிருப்பாரு. மோதுன வண்டி ஒண்ண வச்சு அவரு வாய அடைக்க முடியாது."

"அப்ப விட்டுறச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லலியே. ஸ்கூல் தொறக்கையில அவரு ஒங்க புள்ள சைக்கிளுக்கு மட்டுமா கட்டை மாத்திருப்பாரு?"

பிரெசில்லா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் தன் பிள்ளையின் பல்லைப் பற்றி மட்டும் நினைத்திருந்தாள். இப்போதும், நாளைக்கும், அதே சரிவில் இறங்கி வரப்போகிற பிள்ளைகள் கண்ணுக்குள் வந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் பாசிக்குப் போகவில்லை. கையில் ஸ்பேனரோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். மணியடிக்கும் முன்னால் பிள்ளைகள் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள்.

"நில்லு புள்ள. எறங்கு. பிரேக்கப் பாக்கணும்."

"எதுக்கு அத்த?"

"எறங்குன்னா எறங்கு."

வாட்ச்மேன் அய்யப்பன் வந்தார். "என்னம்மா இது, வாசல்ல நின்னுக்கிட்டு? எச்செம் வந்தா என்னையத்தான் கேப்பாக."

"வரட்டும். வந்தா அவுகளும் குனிஞ்சு பாக்கட்டும்."

முதலில் வந்த சைக்கிள்களில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்ப அனுப்ப அவள் முகம் சுண்டியது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்டினா அம்மா கிறுக்காகிவிட்டாள் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து இறங்கினாள். பிரெசில்லா குனிந்தாள். புதுக் கட்டை. இரண்டு கூடும் முன்பக்கம் வாயைத் திறந்திருந்தன.

"எங்க மாத்துன?"

"பஸ் ஸ்டாப்புல."

"யாரு கடையில? பேரச் சொல்லு."

"ஆன்டனி ராஜ் மாமா கடையில. ஸ்கூல் தொறக்கையில."

அவளை ஓரமாக நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. அப்புறம் மூன்றாவது. எல்லோரும் அந்தக் கடைதான் சொன்னார்கள். சிரிப்பு நின்றுபோனது. மணியடித்தும் பிள்ளைகள் உள்ளே போகவில்லை. தாங்களாகவே சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து பார்த்தார்கள். யாரோ கடைக்கு ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். ஆன்டனி ராஜ் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"ஏத்தா, என் பொழப்பக் கெடுக்குறியா? நடுத்தெருவுல நின்னு என்ன நாடகம்?"

பிரெசில்லா அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் சைக்கிளைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தினாள். முன் சக்கரத்தை வண்டி ஓடும் திசையில் கையால் வேகமாகச் சுற்றிவிட்டாள்.

"அய்யப்பண்ணே, பிரேக்கப் புடிங்க. அழுத்தி."

அய்யப்பன் ஒரு நிமிஷம் ஆன்டனி ராஜைப் பார்த்தார். பிறகு குனிந்து அழுத்திப் பிடித்தார். கட்டை ஒன்று கூட்டிலிருந்து விருட்டென்று தெறித்து ஆன்டனி ராஜின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரெசில்லா நிமிர்ந்தாள்.

"இந்தச் சைக்கிள் எந்த வேன்ல மோதுச்சுண்ணே?"

அவர் குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. மோதுனா கூடு திரும்பும்னீகள்ல? இது எதுல மோதுச்சு? அந்தா நிக்குதே அது எதுல மோதுச்சு? பல்லு போன புள்ளயப் பாத்து, போனப் பாத்தான்னு ஊரு பேசையில நீங்களும் சேந்துதான பேசுனீக? உங்க கையால மாட்டுனத ஒரு தடவ யோசிச்சீகளா?"

ஆன்டனி ராஜ் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜூன் மாசம் கூட்டம்... அவசரத்துல..." என்று ஏதோ முனகினார். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிரெசில்லா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அந்தக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்றி மாட்டி, நட்டை இறுக்கினாள். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கினாள்.

அந்த வாரக் கடைசியில் வகுப்புக்குப் போனால் ஹால் பூட்டிக் கிடந்தது. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று ஆன்டனி ராஜ் இருக்கும் திருவிழாக் கமிட்டியிலிருந்து சொல்லிவிட்டார்களாம்; சாவி அவர்களிடம்தான். செபஸ்தியம்மாள் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "திருவிழாவுக்கே அடிக்காத வெள்ளைய இப்ப அடிக்கப் போறானுகளா?" என்று காறித் துப்பினாள். பெண்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கடற்கரையில் வலை பின்னும் கொட்டகைக்குப் போனார்கள். காற்றில் சின்ன நட்டுகள் மணலுக்குள் போய்விடக்கூடாதென்று சுலைகா பழைய சேலை ஒன்றை விரித்தாள். வகுப்பு அதன் மேல் நடந்தது.

சாயங்காலம் டென்னிஸ் கடலிலிருந்து வந்தான். கை கால் கழுவிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் சாவதானமாக உட்கார்ந்தான்.

"ஆன்டனி ராஜு கரைக்கே வந்துட்டாரு. என் கையப் புடிச்சுக்கிட்டு, தெரியாம நடந்துருச்சு டென்னிஸு, மன்னிச்சிருன்னாரு. கமிட்டியில இருக்குற மனுசன், அத்தன பேரு முன்னாடி. சரி, விடுங்கன்னுட்டேன். இத்தோட முடிச்சுக்கிருவோம்."

பிரெசில்லா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒங்களுக்கா பல்லு போச்சு?"

"என்ன பேசுற?"

"ஒங்களுக்கா உதட்டுல தையல் போட்டாக? ஒங்களையா ஊரு பேசுச்சு? ஒங்க கையப் புடிச்சுக் கேக்குறதுக்கும், நீங்க விடுங்கன்னு சொல்றதுக்கும் நீங்க யாரு?"

"அவ அப்பண்டி நான்!"

"அப்பந்தான். போன ஒடச்ச அப்பன். நானும் ஆத்தாதான். நமக்கு ரெண்டு பேருக்கும் மன்னிக்கிற பாத்தியத கெடையாது."

டென்னிஸ் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து கிறிஸ்டினா வந்து இருவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். துப்பட்டா தோளில் கிடந்தது.

"நான் போய்ட்டு வாரேன்" என்றாள்.

"எங்க?"

"கடைக்கு."

அவள் முன்னால் நடக்க, பிரெசில்லா பின்னால் ஓடினாள். டென்னிஸ் வாசலிலேயே நின்றான். பிறகு அவனும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். ஆன்டனி ராஜ் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா போய் நேர் எதிரே நின்றாள்.

"மாமா, அப்பாகிட்ட ஏதோ சொன்னீகளாம்."

அவர் நிமிரவில்லை. "சொல்லிட்டேன்ல ஆத்தா. அப்பாகிட்டச் சொல்லிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"வீட்டுக்குப் போ புள்ள. கூட்டமா இருக்கு."

"என்னயப் போனப் பாத்தான்னு சொல்லையிலயும் இங்கன கூட்டமாத்தான் இருந்துச்சு. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

ஆன்டனி ராஜ் நிமிர்ந்தார். கிறிஸ்டினா உதட்டை விலக்கி, பல்லில்லாத இடம் தெரிய வாயைத் திறந்து காட்டினாள். மாதக்கணக்காக அவள் பெற்ற தாய்க்குக்கூடக் காட்டாத வாய். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரெசில்லாவுக்கு ஓடிப்போய் அவள் வாயை மூட வேண்டும் போலிருந்தது, ஆனால் அசையவில்லை.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் ஆன்டனி ராஜ், டியூபைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல."

"மன்னிச்சுக்க. என் தப்புத்தான். கூட்டத் திருப்பி மாட்டிட்டேன். ஒம்மேல தப்பில்ல." இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

கிறிஸ்டினா சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. அப்படியே திரும்பி நடந்தாள். டென்னிஸ் வழியில் நின்றிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தான்.

மறுநாள் கொட்டகைக்கு கிறிஸ்டினாவும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அம்மாவின் பக்கத்தில் சேலை விரிப்பில் உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த சாமான்களை மண்ணெண்ணெயில் துடைத்தாள். பிரெசில்லா முன் சக்கரத்தை மாட்டினாள். பிரேக் கவையில் புதுக் கூட்டை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். காறை எலும்பு சேர்ந்த இடத்தில் மகளின் தோள் லேசாகப் புடைத்திருந்தது தெரிந்தது.

"ஆஸ்பத்திரில நான் ஒன்னய நம்பிருக்கணும்" என்றாள், கூட்டைப் பார்த்துக்கொண்டு. பிறகு ஆன்டனி ராஜும் டியூபைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். "நான் பண்ணுனது தப்பு புள்ள. பெத்தவ, நானே நம்பல. என்னய மன்னிச்சுக்க."

கிறிஸ்டினா துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போகலம்மா."

"இருக்கட்டும். எனக்கும்தான் போகல."

அடுத்த மாதம் கிறிஸ்டினா மறுபடி டியூஷனுக்குப் போனாள். சைக்கிளில் இல்லை, பஸ்ஸில். பாலத்துச் சரிவு வரும்போது கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னாள். டென்னிஸ் புதுப் போன் ஒன்று வாங்கி வந்து அவள் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான். அவள் அதைத் தொட ஒரு வாரம் ஆனது. ஆன்டனி ராஜ் கடை நடக்கிறது. பிள்ளைகள் மட்டும் பிரேக் மாற்றினால் பக்கத்திலேயே நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள்.

சைக்கிளை பிரெசில்லா எடுத்துக்கொண்டாள். காலையில் பாசிக்குப் போகும்போது அதில்தான் கரைக்குப் போகிறாள். போன் கதையைப் பரப்பியவர்கள் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் கூடி நிற்பார்கள். அவள் பெல் அடிப்பதில்லை. வேகத்தைக் குறைப்பதும் இல்லை. நேராக விடுகிறாள், அவர்கள்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள்.